மறைப்புக்கு வைத்த குரோட்டன்ஸ்

நிழலில் செடி வளர்க்கும் பணிக்கு ஊதியம் இல்லை, விடுமுறை இல்லை, ஓய்வூதியமும் இல்லை. மேலதிகாரிகள் மட்டும் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். நான் பள்ளியில் தமிழும் கணக்கும் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஒரு கேள்விக்கு ஒரே விடைதான் சரியாக இருக்க முடியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவள். அந்த நம்பிக்கையை என்னிடமிருந்து பறித்தவை, கடத்தூரில் நான் குடியிருந்த வாடகை வீட்டின் ஓரத்தில் நின்ற ஒரு வரிசைக் குரோட்டன்ஸ் செடிகள்.

வீட்டின் வடபுறத்தில் குரோட்டன்ஸ் வைத்துவிட்டு, நேற்றுவரை செழித்திருந்தது இன்று ஏன் மொட்டையாக நிற்கிறது என்று விளங்காமல் இடுப்பில் கைவைத்து நின்றிருக்கிறீர்கள் அல்லவா? உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது. எனக்கே முழுவதும் புரிந்ததில்லை.

காளைகள் தின்ற மறைப்பு

அறுபதுகளின் பிற்பகுதியில் நானும், முதல் வகுப்பு ஆசிரியை சலேத்மேரியும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். மணமாகாத இரண்டு ஆசிரியைகளுக்கு வீடு கொடுக்க ஊரில் முன்வந்தவர் மாதையன் ஒருவர்தான். வீட்டைக் குறை சொல்வதற்கில்லை. குளிக்கும் இடந்தான் வெட்டவெளி. வடக்குச் சுவரின் மேற்குக் கோடியில் ஒரு கருங்கல் பலகை கிடந்தது. அதன்மேல் நின்றுதான் குளிக்க வேண்டும். எதிரே ஒரு சந்து. சந்துக்கு அப்பால் காதர் பாயின் புளி மண்டி. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அங்கே வண்டிக்காரர்களும் மூட்டை தூக்குபவர்களும் இருப்பார்கள். அதனால் நாங்கள் இருட்டோடு எழுந்து, பல் நடுங்கக் குளித்துவிட்டு, விடியும்வரை ஈரத்தலையோடு உட்கார்ந்திருப்போம்.

தென்னங்கீற்றுத் தட்டி கட்டினோம். ஆடிக் காற்று அதைக் கொண்டுபோயிற்று. அடுத்து, சோளத்தட்டுகளை நெருக்கமாக நிறுத்தி, கயிறு போட்டு இறுக்கி, ஒரு விடுமுறை நாள் முழுவதும் செலவிட்டு மறைப்பு அமைத்தோம். மறுநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால் கயிறும் கம்பும் மட்டும் நின்றன. புளி ஏற்ற வந்த வண்டியின் காளைகள் இரண்டும் எங்கள் மறைப்பை அசைபோட்டுக்கொண்டிருந்தன. நான் வண்டிக்காரரை அழைத்து, இது நியாயமா என்று கேட்டேன். அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "தீனியக் கட்டி நிறுத்தி வெச்சுட்டு மாட்டத் திட்டுனா எப்பிடிங்க டீச்சரம்மா? அது என்ன படிச்சிருக்குதுங்களா, இது தீனி, இது மறைப்புன்னு தெரிஞ்சுக்க?"

பொம்மிடியில் கிடைத்த பாடம்

காற்றில் பறக்காதது, மாடு தின்னாதது, ஆண்டு முழுவதும் இலையோடு நிற்பது, வெயில் படாத இடத்திலும் வளர்வது என ஒன்று வேண்டியிருந்தது. கடைசி நிபந்தனைதான் கடினம். சுவரின் நிழல் ஒருபுறம், மண்டியின் புளியமர நிழல் மறுபுறம். கிளுவை நட்டோம், அது கம்பிபோல் மெலிந்து, வெளிச்சத்தைத் தேடிச் சந்துக்குள் சாய்ந்து மடிந்தது. ஒருநாள் பொம்மிடி ரயில் நிலையத்தில் சேலம் வண்டிக்காகக் காத்திருந்தபோது, வேப்பமரத்தடியில், சுண்ணாம்பு அடித்த செங்கல் வரிசைக்குள், பச்சை இலையில் மஞ்சளைத் தெளித்தாற்போல் குரோட்டன்ஸ் செடிகள் அடர்ந்து நிற்கக் கண்டேன். அங்கே வெயிலே இல்லை. ஆடு ஒன்று அவற்றை முகர்ந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிற்று. என் வண்டி வந்ததையும் நான் கவனிக்கவில்லை.

நிலையத்து அதிகாரியின் மனைவி தாராளமாகக் குச்சிகளை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். வளர்க்கும் முறையையும் சொன்னார். தண்ணீர் நிறைய ஊற்ற வேண்டும். ஆனால் ஈரம் நிற்கக் கூடாது. நிழலில் வைக்க வேண்டும்; ஆனால் வெளிச்சம் வேண்டும். அதைத் தொந்தரவு செய்யக் கூடாது. ஆனால் நாள்தோறும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு விதியையும் அதற்கடுத்த விதி அடித்துப்போட்டது. இவற்றுள் எது சரி என்று கேட்டேன். நான் மணமாகாதவள் என்பதை அறியாத அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதுல என்னங்க கொழப்பம்? வூட்டுக்காரர நாம பாத்துக்கலீங்களா, அப்பிடித்தான்."

மூன்று திருநாள் தவணை

குச்சிகள் மண்சட்டியில் வேர்விட்டன. அதற்குள் வேர் வந்ததா என்று நாங்கள் பிடுங்கிப் பார்த்ததால் சில போயின. அந்த அவசரம் உங்களுக்கும் தெரிந்ததே. ஐப்பசி மழையில் அவற்றைச் சந்தோரம் கிழமேற்காக வரிசையாக நட்டோம். நட்ட அந்த வாரமே, பேசிவைத்தாற்போல எல்லாச் செடிகளும் எல்லா இலைகளையும் உதிர்த்தன. காரணம் தெரியவில்லை. நகத்தால் பட்டையைக் கீறினால் உள்ளே பச்சை இருந்தது. உயிரோடு இருக்கும் ஒன்று எதற்காகச் செத்ததுபோல் நிற்க வேண்டும்?

அந்த நேரம் பார்த்துச் சலேத்மேரியின் தந்தை சவரியப்பன் மகளைப் பார்க்க வந்தார். சற்றுத் தள்ளியிருந்த சிற்றூரில் விவசாயம் செய்பவர், அதிகம் பேசாதவர். குளிக்கும் கல்லைப் பார்த்தார். மண்டியைப் பார்த்தார். "இதுதாம்ப்பா மறைப்பு" என்று மகள் பெருமையோடு காட்டிய குச்சிகளையும் பார்த்தார். சலேத்மேரி பாடம் நடத்தினால் முதல் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்குப் போக மணியடித்தாலும் எழமாட்டார்கள். அந்த வேலைதான் அவளுக்கு உலகம். அவள் போய்விட்டால், தனியாக இருக்கும் ஒருத்திக்கு மாதையனும் வீடு தரமாட்டார் என்பதால் நானும் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான். சவரியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "எங்கூரு அந்தோணியார் திருநா மூணு பாக்கறேன் டீச்சரம்மா. அதுக்குள்ள இந்தக் குச்சி மறைச்சுதுன்னா புள்ள வேலையில இருக்கட்டும். மறைக்கலேன்னா பொட்டியக் கட்டிக்கினு வூட்டுக்கு வந்துரணும்."

வீட்டுக்காரரின் விசாரணை

மறுபடி இலை வந்தது. ஏன் உதிர்ந்தது என்று தெரியாதவாறே, ஏன் வந்தது என்றும் தெரியவில்லை. குளித்த தண்ணீர் முழுவதும் செடிகளின் அடிக்குப் போகுமாறு வாய்க்கால் வெட்டினேன். ஒருநாள் மாதையன் வந்து வாய்க்காலைப் பார்த்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார். "காய்க்குமுங்களா?" காய்க்காது என்றேன். "பூக்குமுங்களா?" பூக்கும், ஆனால் அதைப் பூவென்று சொல்ல முடியாது என்றேன். "ஆடு திங்குமுங்களா?" தின்னாது. "தலைவலி, வவுத்துவலிக்கு அரைச்சுக் குடிக்கலாமுங்களா?" வேண்டவே வேண்டாம் என்று அஞ்சிச் சொன்னேன். "அப்பறம் எதுக்குங்க இது?"

எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் வைக்க வேண்டிய சுவர் செய்யும் வேலையைச் செய்வதற்கு என்று, ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னேன். அவர் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகமோ மலர்ந்தது. சுவர் கேட்டு நான் அவரிடம் நடையாய் நடந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துபோயிற்று. "அத மொதல்லியே சொல்றதில்லீங்களா டீச்சர்! இனிமே சொவுரே வேணாம்னு நீங்களே சொல்லிட்டீங்க, செரி வுடுங்க."

நோய் தீர்த்த இண்டூர்க்காரர்

அடர்ந்த நிழலில் இருந்த செடிகளில் சில இலைகள் மஞ்சள் புள்ளியே இல்லாமல் முழுப் பச்சையாக வந்தன. இது நலமா, நலிவா என்று எனக்கும் சலேத்மேரிக்கும் விவாதம் நடந்துகொண்டிருந்தது. புள்ளிதான் அதன் இயல்பு, பச்சையானால் நிழல் மிகுந்துவிட்டது என்பது என் கட்சி. பச்சைதான் இலையின் இயல்பு, செடி தேறிவருகிறது என்பது அவள் கட்சி. முடிவு காணாமலே இருவரும் பள்ளிக்குப் போனோம்.

அன்று என் மாணவி ஒருத்தியின் மாமா, இண்டூரிலிருந்து வந்தவர், மண்டியில் புளி போட்டுவிட்டு எங்கள் செடிகளைப் பார்த்திருக்கிறார். கடலையும் கத்தரியும் பயிரிடுபவர். மஞ்சள் விழுந்த இலையைக் கண்டால் கை சும்மா இருக்குமா? ஆசிரியை வீட்டுச் செடிக்கு நோய் வந்துவிட்டதே என்று இரக்கப்பட்டு, புள்ளியிருந்த இலையை எல்லாம் கிள்ளிக் குவித்து, பிற செடிகளுக்குப் பரவாமலிருக்கத் தீயும் வைத்துவிட்டார். நாங்கள் திரும்பியபோது சாம்பலைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். நன்றி சொல்வதா, அழுவதா என்று தெரியாமல் நின்ற என்னைப் பார்த்து அவர் கைகூப்பினார்: "நோவில்லாத எலை கொஞ்சந்தான் இருந்துச்சு, அத மட்டும் காப்பாத்திக் குடுத்திருக்கேன். இதுக்குப் போயி கண்ணு கலங்கறீங்களே டீச்சரம்மா, நான் ஒண்ணும் கேக்க மாட்டேனுங்க."

புத்தகத்துச் சூரியன்

எங்கள் தலைமையாசிரியர் தாவரவியல் படித்தவர். வெயிலில்லாமல் எந்தச் செடியும் உணவு தயாரிக்காது என்று கரும்பலகையில் படமே போட்டுக் காட்டினார். அவர் சொல்லைத் தட்டலாகாதென்று, சட்டியில் மீதமிருந்த ஒரு செடியைப் பள்ளி வாசலில் வெயிலில் வைத்தோம். சித்திரை வெயிலில் இலைகள் அப்பளம்போல் பொரிந்து சுருண்டன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, சுருண்ட இலை ஒன்றைக் கிள்ளிப் பார்த்தார். "பாடம் தப்பில்லம்மா, செடியும் தப்பில்ல. நம்ம தர்மபுரி வெயிலு அந்தப் புஸ்தகம் எழுதுன ஊர்ல அடிச்சிருக்காது."

அந்தோணியாருக்கு நேர்ந்த கொழுந்து

முதல் திருநாள் நெருங்கியபோது செடிகள் முழங்கால் உயரம் வந்திருந்தன. நான் பூரித்துப் போயிருந்தேன். ஊருக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த சலேத்மேரியின் வெளிர்நீலச் சேலையில் புதிதாகப் பழுப்புக் கறைகள் தெரிந்தன. குரோட்டன்ஸ் பால் பட்டால் அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வரிசையின் கிழக்குப் பாதியில் ஒரு செடிக்கும் தலையில்லை. கொழுந்து முழுவதும் சாக்குப் பைக்குள், அந்தோணியார் தேருக்குத் தோரணமாகப் போகக் காத்திருந்தது.

மறைப்பு வளர வேண்டும் என்று அவள் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாளாம். வளர்ந்தால் ஆண்டுதோறும் கொழுந்தைத் தேருக்குத் தருவதாக வேண்டுதலாம். வளர வேண்டும் என்பதற்காக வளர்ந்ததை வெட்டினால் எப்படி வளரும் என்று கேட்டேன். கணக்கு ஆசிரியை என்ற முறையில் இந்தக் கழித்தலை என்னால் ஏற்க முடியவில்லை. அவளோ என்னைச் சிறுபிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "கல்லுக்கு நேரா இருக்கறத நான் தொடவே இல்லக்கா. அதுவுமில்லாம, வாக்குக் குடுத்தத குடுக்கலேன்னா அந்தோணியார் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இதை வளத்து விடுவாரு?"

அன்றே வேலமுள் வெட்டிவரச் செய்து, குளிக்கும் கல்லுக்கு நேரே இருந்த மேற்குப் பாதிக்கு முட்போர்வை போட்டேன். அந்தப் பாதியை அந்தோணியாரே வந்தாலும் தொட முடியாது.

காதர் பாயின் கல்யாணப் பந்தல்

கிழக்குப் பாதி அதன்பின் ஊர்ச் சொத்தாயிற்று. மறு ஆண்டும் தேருக்குப் போயிற்று. பள்ளி விழாவுக்கு வந்த விருந்தினரின் மலர்ச்செண்டில் பூவைவிட எங்கள் இலைகள்தாம் மிகுதியாக இருந்தன. அவர் நன்றியுரையில் செண்டைப் புகழ்ந்தபோது நான் கைதட்டவில்லை. அடுத்து, காதர் பாயின் மகளுக்கு நிக்காஹ் வந்தது. பந்தல்காரர் வாசல் வளைவுக்குக் குரோட்டன்ஸ் வேண்டும் என்றாராம். பாய் வேட்டியைத் தழைத்துக் கட்டிக்கொண்டு, தாமே வந்து, வாசலுக்கு வெளியே நின்று கேட்டார். அவ்வளவு மரியாதையாகக் கேட்பவரிடம் மறுக்க எனக்குத் தமிழில் சொல் கிடைக்கவில்லை.

கல்யாணம் முடிந்த பிறகு மண்டியில் ஒரு விந்தையைக் கண்டேன். மூட்டை தூக்குபவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டியே வேலை செய்தார்கள். ஒருவர் மூட்டையோடு பின்னோக்கி நடந்துவந்து தராசில் மோதிக்கொண்டார். எல்லாருக்கும் சேர்ந்தாற்போல் சித்தப் பிரமையோ என்று ஐயுற்று, பாயிடம் கேட்டேவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்: "ஒங்க மறைப்பப் பாதி வெட்டிட்டோமில்லீங்களா டீச்சரம்மா. அது தழைஞ்சு வர்ற வரைக்கும் எவனும் தெக்கால திரும்பப்படாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

மூன்றாம் திருநாள்

மூன்றாம் திருநாளுக்குச் சில நாள் முன்பு சவரியப்பன் வந்தார். நான் அச்சமின்றி இருந்தேன். ஒருவர் கையும் படாமல் நான் காத்த மேற்குப் பாதி என் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. கல்லின்மேல் நின்றால் எதிரே இலைதான் தெரியும். அவர் வீட்டுக்குள் வரவில்லை. நேரே மண்டிக்குப் போய், ஒரு புளி மூட்டையின்மேல் உட்கார்ந்து, மூட்டை தூக்குபவர் இளைப்பாறும்போது எங்கே கண் போகுமோ அங்கிருந்து பார்த்தார். திரும்பிவந்து மகளிடம் சொன்னார்: "தலை மறையுது. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே மறைக்கல. பொட்டிய எடும்மா."

நானும் அங்கே போய்க் குனிந்து பார்த்தேன். கொக்குக் கூட்டம் நிற்பதுபோல் வெறும் தண்டுகள். உச்சியில் மட்டும் இலைக்கொத்து. அவற்றின் இடுக்கில் குளிக்கும் கல் பளிச்சென்று தெரிந்தது. அதே வரிசையின் கிழக்குப் பாதி, தேருக்கும் பந்தலுக்கும் செண்டுக்கும் பறிகொடுத்த பாதி, வெட்டிய இடத்திலெல்லாம் கிளைவிட்டு, தரையிலிருந்து தலைக்கு மேல்வரை ஓர் ஓட்டையும் இல்லாமல் மதிலாக நின்றது. நான் சந்தின் நடுவே நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். எது தவறு, எது சரி என்று ஒன்றும் ஓடவில்லை. உள்ளே தகரப்பெட்டியை இழுக்கும் ஓசை கேட்டது. சலேத்மேரி அழவில்லை; அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செடியை இடம் மாற்றினால் இலை கொட்டிவிடும். தழையக் காத்திருக்க நாளில்லை. கல்லுக்கு உதிர்வதற்கு இலை உண்டா? "கல்லை நகர்த்துங்கள்!" என்று வகுப்பில் கத்துவதுபோல் கத்தினேன். காதர் பாய் விவரம் கேட்டு, கடப்பாரையோடு ஆட்களை அனுப்பினார். எவர் கண்ணுக்கு அஞ்சி மறைப்பு வைத்தோமோ அவர்களே தலையைக் குனிந்தவாறு வந்து, கல்லைப் பெயர்த்து, உருட்டி, கிழக்குப் பாதிக்குப் பின்னே மட்டம் பார்த்துப் பதித்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் போனார்கள். சவரியப்பன் மறுபடி மண்டிக்குப் போய் அதே மூட்டையில் உட்கார்ந்தார். மகளைக் கல்லின்மேல் உட்காரச் சொன்னார், நிற்கச் சொன்னார், கையை ஆட்டச் சொன்னார். மண்டியே தராசை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

"மேரி, எங்கம்மா இருக்கறே?"

"இங்கதாம்ப்பா! கைய ஆட்டறேனே!"

"எங்க?"

"இதோப்பா, ரெண்டு கையும் ஆட்டறேன்!"

அவர் மூட்டையிலிருந்து இறங்கித் துண்டை உதறினார். "ஒண்ணுந் தெரியல. பொட்டிய உள்ள வெச்சுரு."

காத்த பாதி காலைக் காட்டியது, களவு போன பாதி மானத்தைக் காத்தது. ஆகவே அந்த மறைப்பை வளர்த்தது யார் என்று எவரேனும் கேட்டால், அந்த ஒரு விடைத்தாளை மட்டும் திருத்தாமலே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.